நான் தமிழில் எழுதிக் கொடுத்த சீட்டு

இது நடந்தது மூன்று வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில். மாட்டுங்காவில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் நான் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. மகன் குடும்பத்தோடு சான்பாடாவில் இருக்கிறான். ஒரே ஆபீஸில் முப்பத்திநாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ரிட்டயர் ஆனவள் நான். எனக்கு நேரத்துக்கும் குறைவில்லை, வாய்க்கும் குறைவில்லை.

எங்கள் கட்டிடத்துக்கு தாராவியிலிருந்து ஒரு மாவுக்காரம்மா வருவாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். விடியற்காலையில் அரைத்த இட்லி மாவை இரண்டு வாளியில் சுமந்துகொண்டு மூன்று மாடியும் ஏறி இறங்குவாள். ஒரு நாள் என் வாசலில் வாளியை வைத்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. தண்ணீர் கொடுத்து, என்ன உடம்புக்கு என்று கேட்டேன்.

"சுகர் இருக்குல்லா மாமி. இப்படித்தான் கெறக்கமா வரும், போயிரும்."

"மாத்திரை சாப்பிடறியா இல்லையா?"

"சாப்பிடுதேனே. ஒரு நா விட்டு ஒரு நா."

எனக்கு வந்ததே கோபம். "ஏண்டிம்மா, மாத்திரைக்கு லீவு விடறதை இப்பத்தான் கேள்விப்படறேன்!"

"நமக்குத்தான் லீவு கிடையாது. அந்த மாத்திரையாவது ரெஸ்டு எடுக்கட்டுமே" என்று சிரித்தாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள் அவள்.

கிண்டிக் கிளறிக் கேட்டதில் விஷயம் வந்தது. அவள் புருஷன் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். வேலை வாரத்தில் மூன்று நாள்தான். இவள் சந்து முனையில் இருக்கும் டாக்டரிடம் போவாள். போகும்போதெல்லாம் அவருக்கு ஃபீஸ், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு ஊசி, பக்கத்துக் கடையில் மாத்திரை. கட்டுபடி ஆகாமல்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள். முனிசிபல் ஆஸ்பத்திரியில் எல்லாம் கிட்டத்தட்ட சும்மாவே கிடைக்குமே, அங்கே போனால் என்ன என்று நான் சட்டம் பேசினேன்.

"அங்க லைன்ல நின்னா மத்தியானம் ஆயிரும் மாமி. அதுக்குள்ள மாவு புளிச்சுப் போவும். புளிச்ச மாவ ஒங்க பில்டிங்ல யாரு வாங்குவா?"

அதற்கு முந்தின வாரம்தான், மாவு புளித்திருக்கிறது என்று அவளிடம் திருப்பிக் கொடுத்தவள் நான்.

அன்று ராத்திரி முழுக்க அதே யோசனை. அவளிடம் இல்லாதது காலை நேரம். என்னிடம் கொட்டிக் கிடப்பதும் அதுதான். மறுநாள் அவளிடம் சொன்னேன்: "உன் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, அந்தக் கேஸ் பேப்பரைக் கொடு. காலையில் நான் போய் லைனில் நிற்கிறேன். நீ மாவை முடிச்சுட்டுப் பத்தரைக்கு வந்து என் இடத்தில் நில்லு." அவள் நம்பவில்லை. "நீங்களா? லைன்லயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆபீஸ் போன காலத்தில் எட்டு பன்னிரண்டு லோக்கல் ரயிலில் தினமும் இடி வாங்கியவள் நான், ஆஸ்பத்திரி லைன் எனக்கு எந்த மூலைக்கு?

முதல் தடவை அவள் காலி வாளிகளோடு ஓடிவந்து என் முன்னால் நின்றதும் பின்னால் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். நான் எட்டு மணியிலிருந்து நிற்கிறேன், இவளுக்காகத்தான் நிற்கிறேன் என்று என் மாட்டுங்கா ஹிந்தியில் போட்டேன் ஒரு போடு. கப்சிப். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் நம்பர் கூப்பிட்டதே எங்கள் காதில் விழவில்லை.

அதற்கப்புறம் மாதத்துக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஆஸ்பத்திரி. லைன் முடிந்தாலும் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும். அவள் டப்பாவில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவருவாள். என் மகனிடம்கூடச் சொல்லாத விஷயங்களை அந்த பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் சொல்லியிருக்கிறேன். என் கணவரின் கடைசி நாட்களில் நான் அவரிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்காக யாராவது ஆசையோடு காத்திருப்பார்களா? நான் காத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தச் செவ்வாய்க்கிழமைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு ஏங்குகிறது.

சந்து டாக்டரின் ஃபீஸ் நின்றது. ஊசி நின்றது. மாத்திரையும் பாதி ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. ஒரு சர்க்கரை மாத்திரை மட்டும் அங்கே அடிக்கடி இருப்பு இருக்காது. அதைச் சந்துக்கடையில் வாங்குவதுதான் அவளுக்கு மிச்சமிருந்த பெரிய செலவு. ஆஸ்பத்திரி டாக்டர், செம்பூரில் அரசாங்க மலிவு விலை மருந்துக் கடை ஒன்று இருக்கிறது, மருந்து அதேதான், கம்பெனிதான் வேறு என்று சொல்லி, மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். அவள் வெளியே நின்ற கூட்டத்தில் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் டாக்டர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே பஸ் பிடித்து செம்பூர் போய் ஒரு மாதத்துக்கு வாங்கிவந்தேன். விலையைப் பார்த்ததும் ஏதோ நானே அந்த மருந்தைக் கண்டுபிடித்தது போல ஒரு பெருமை. அவளிடம் நேரில் கொடுத்து, அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் வீட்டுக்குள் நுழையும்போதே மகனிடமிருந்து போன். பேரனுக்குக் காய்ச்சல், உடனே வா என்றான். நான் மருந்தை ஒரு கவரில் போட்டேன். கூடவே ஒரு சீட்டு எழுதினேன்.

என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருந்தும் தமிழை விடவில்லை என்று அதைவிடப் பெரிய கர்வம் உண்டு. குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்: இது பழைய மாத்திரைக்குப் பதிலாக. பழையதை நிறுத்திவிடவும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டேன். மேலே பிள்ளையார் சுழி. அது கை தானாகப் போடுவது. கவரை வாட்ச்மேனிடம் கொடுத்து, மாவுக்காரம்மா வந்தால் கொடு என்று சொல்லிவிட்டு சான்பாடாவுக்கு ரயில் ஏறினேன். ஒரு போன் செய்திருக்கலாம். எழுதித்தான் கொடுத்தாயிற்றே, போன் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. மறுநாள் காலையில் மாவு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் ஊரில் இல்லை என்றதும் நம்மை மறந்துவிட்டாளே என்று முணுமுணுத்துக்கொண்டு கடையில் பாக்கெட் மாவு வாங்கினேன். மூன்றாம் நாள்தான் வாட்ச்மேனிடம் விசாரித்தேன். அவள் வந்தே நாலு நாள் ஆகிறதாம். யாருக்கும் தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தாராவிக்குக் கிளம்பினேன்.

அத்தனை நாள் பழகியும் அவள் வீடு எந்தச் சந்து என்று எனக்குத் தெரியாது. கோயில் பக்கம் என்று சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு டீக்கடையில் அவள் பெயரைச் சொல்லி, திருநெல்வேலிக்காரி, மாவு விற்கிறவள் என்று கேட்டேன்.

"அக்கா, இங்க பாதிப் பேரு திருநெவேலிதான். அந்தப் பேருல மாவு விக்கிறவளே மூணு பேரு இருக்காவ" என்று சிரித்த டீக்கடைக்காரர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "கிரைண்டர் பக்கத்துல மயங்கி விழுந்தாளே, அவளையா கேக்கிய?"

"எந்த வீடு?" என்றேன். அவரே கடையை விட்டு இறங்கிவந்து சந்துக்குள் கூட்டிப்போய், ஒரு இரும்பு ஏணியைக் காட்டினார்.

மேலே அவள் மகள் இருந்தாள். இருபது வயது, ஒரு துணிக்கடையில் வேலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டப்பாவில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். நாலு நாளுக்கு முன்னால் விடியற்காலை மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது அம்மா விழுந்துவிட்டாள், நெற்றி கிரைண்டர் விளிம்பில் மோதி நாலு தையல், சர்க்கரை ரொம்பக் கீழே போய்விட்டதாம், பக்கத்து வீட்டுக்காரி வாயில் சர்க்கரையைப் போட்டுத்தான் உயிர் தப்பியிருக்கிறாள் என்றெல்லாம் தமிழும் ஹிந்தியுமாகச் சொன்னாள்.

சொல்லிக்கொண்டே சாமி படத்துப் பக்கம் போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்தாள். "ஆன்ட்டி, இது நீங்க குடுத்த கவர்ல இருந்துச்சு. இதுல க்யா லிக்கா ஹை, என்ன எழுதியிருக்கு? டாக்டர் என்ன என்ன மருந்து எடுத்தாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

என் சீட்டு. மூலையில் குங்குமம் வைத்திருந்தது.

"உனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றேன்.

"நான் ஹிந்தி மீடியம்ல ஆன்ட்டி. தமிழ் பேசத்தான் வரும். பப்பாவுக்கும் படிக்க வராது. மம்மி ஸ்கூலுக்கே போகல. மாமி ஏதோ சுலோகம் எழுதிக் குடுத்திருக்காவ, சாமிகிட்ட வையின்னு சொல்லிச்சு. டெய்லி தொட்டுக் கும்பிட்டுத்தான் ரெண்டு மாத்திரையும் போட்டுச்சு."

பிள்ளையார் சுழியும் சிவப்புக் கோடுமாக ஒரு மாட்டுங்கா மாமி எழுதிக் கொடுத்தால் அவள் வேறென்ன நினைப்பாள்? போன தடவை டாக்டர் சர்க்கரை இறங்கவில்லை என்று சொல்லியிருந்தார். அதற்காக மாமி தன் கைக்காசில் கூடுதலாக ஒரு மாத்திரை வாங்கித் தந்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். பழையது மஞ்சள், புதியது வெள்ளை. அவளுக்கு அவை இரண்டு மருந்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டவள், என் மேல் இருந்த மரியாதைக்காக ஒரு நாள்கூட விடாமல் இரண்டையும் சாப்பிட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் போர்டைப் பார்த்து நம்பர் சொல்லச் சொன்னால் அவள் எப்போதும், "கண்ணாடி கொண்டாரல மாமி, நீங்க பாருங்க" என்பாள். அவளிடம் கண்ணாடியே கிடையாது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. எத்தனை செவ்வாய்க்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்! நான் பேசிக்கொண்டே இருந்தேனே தவிர அவளைப் பார்க்கவே இல்லை.

"என்ன ஆன்ட்டி எழுதியிருக்கு?" என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள்.

நான் செய்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். சீட்டை நாலாக மடித்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லைம்மா. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன், வா" என்றேன்.

டாக்டரிடம் பேசினேன், அதில் குறை வைக்கவில்லை. வார்டில் இருந்த இளம் டாக்டரைத் தனியாக அழைத்து, இரண்டும் ஒரே மருந்து, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சேர்த்துச் சாப்பிடச் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதானே? அந்த மாதிரி உண்மையைச் சொல்லிவிட்டு என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

அவள் நெற்றியில் கட்டோடு படுத்திருந்தாள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எதுக்கு மாமி இந்த மழைல வந்திய? பேரனுக்கு எப்படி இருக்கு?"

டாக்டர் வந்து, இனிமேல் வெள்ளை மட்டும்தான், மஞ்சளைத் தூக்கிப் போடு, இரண்டும் ஒன்றுதான் என்று ஹிந்தியில் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார். மகள் அவளைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தாள். யாரிடமாவது கேட்டிருக்கலாம் இல்லையா, இப்படியா கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவது என்று.

அவள் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "என் மரமண்டைக்கு ஒறைக்கல மாமி. நீங்க பாவம், நல்லதுக்கு வாங்கிக் குடுத்திய. நான்லா பாத்துப் போட்டிருக்கணும்."

இல்லையடி, தப்பு என்னோடது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன்.

குணமாகி வந்தாள். மறுபடியும் மாவு, மறுபடியும் செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரி லைனில் முன்னால் பின்னால் நிற்பவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்த மாமிதான் என் உசுர மீட்டுக் குடுத்தது. இவிய டாக்டர்கிட்ட இங்கிலீசுல பேசலன்னா நான் போயிருப்பேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்குக் கூசிப்போகும். சும்மா இரு என்று அதட்டுவேன். அடக்கத்தைப் பாரு என்பார்கள் மற்றவர்கள். அதைக் கேட்டுவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்களும் கேஸ் பேப்பரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். இட்லி சுடுகிறவள், பாத்திரம் தேய்க்கிறவள், கோவண்டியிலிருந்து ஒரு டீச்சர் வீட்டு ஆயா. லைனில் நிற்கவும், செம்பூர் போய் மருந்து வாங்கவும் மாமி இருக்கிறாள் என்று பேச்சாகிவிட்டது.

அவர்களிடம் நான் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. மாத்திரை அட்டையில் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை வரைந்துவிடுவேன். பழைய அட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தால்தான் புதியது. நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லச் சொல்வேன். "மாமி டீச்சர் மாதிரி உசுர வாங்குதாவ" என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்து கேலி செய்வாள். இதை எங்கிருந்து கற்றேன் என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் அவர்கள் இருந்த சந்து முழுவதையும் இடிக்கப்போகிறார்கள் என்று ஆயிற்று. ரொம்ப தூரம் தள்ளி டோம்பிவிலியில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார்கள். சொல்லிக்கொண்டு போக வந்தவள் என் சமையலறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று நான் இருந்தேன். காபி கொடுத்தேன். மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசினோம். வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். "ஒங்களமாரி யாரு மாமி எனக்கு அங்க கெடைப்பா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது போய் எப்படிச் சொல்வேன்? "மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடு" என்றேன். அவ்வளவுதான் வந்தது என் வாயில்.

முதலில் வாரா வாரம் போன் செய்தாள். அப்புறம் மாதம் ஒரு தடவை. அப்புறம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஹிந்தியிலும் மராத்தியிலும் சொல்ல ஆரம்பித்தது. மகளுக்குக் கல்யாணமாகியிருக்கலாம். நம்பர் மாறியிருக்கலாம். வேறு எதையும் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. போன தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் மனசு கேட்காமல் லோக்கல் ஏறி டோம்பிவிலி போனேன். அவள் சொன்ன கட்டிடத்தின் பெயர் அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. நாலு ஆட்டோக்காரர்களிடம் கேட்டேன், நாலு திசையைக் காட்டினார்கள். சாயங்காலம் வரைக்கும் சுற்றிவிட்டு, ஸ்டேஷனில் நின்று இறங்குகிற ஜனங்களின் முகத்தையெல்லாம் பார்த்தேன். ஒவ்வொரு வண்டியிலும் அவள் சாயலில் ஒருத்தி இறங்கினாள். கடைசியில் அழுகையை அடக்கிக்கொண்டு, அடுத்து வந்த வண்டியில் திரும்பினேன்.

இன்றைக்கும் செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரி லைனில் நிற்கிறேன். புதிதாக வருகிறவர்கள் புண்ணியவதி என்கிறார்கள். நான் மறுப்பதில்லை, ஒத்துக்கொள்வதும் இல்லை. மனசில் இருப்பதை முழுசாகச் சொல்ல எனக்குத் தமிழ் ஒன்றுதான் தெரியும், அதனால் இதையும் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். அவள் வீட்டில் இதைப் படிக்க யாரும் இல்லை என்பதும் தெரியும். டோம்பிவிலிப் பக்கம் இருக்கிற யாராவது, நெற்றியில் தழும்போடு, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஒரு திருநெல்வேலிக்காரியைப் பார்த்தால், தயவுசெய்து இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவள் மண்டை மரமண்டை இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள்.

புண்ணியவதி என்ற பேரெல்லாம் எனக்கு வேண்டாம், "என்ன மாமி, இப்படிப் பண்ணிட்டிய?" என்று அவள் வாயால் ஒரே ஒரு தடவை திட்டு வாங்கிவிட்டால் போதும், அதற்காகத்தான் நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.